பாராமகால் யாருக்காக அளக்கப்பட்டது?

"வெள்ளைக்காரன் வந்து அளந்து கல் நட்டான், அதனால்தான் நம் கையில் பட்டா இருக்கிறது." புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தப் பேச்சு இல்லாத ஊர் இல்லை. நார்த்தாமலைப் பக்கம் வரப்புத் தகராறுக்கு நாலு பேர் கூடினாலும் இது வரும். வரலாற்றுக் கூட்டத்துக்கு நாற்பது பேர் கூடினாலும் வரும். கூட்டத்தில் படித்தவர்கள் இருந்தால் சான்றோடு வரும். அவர்கள் காட்டும் சான்று பாராமகால். 1792இல் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, உண்டாக்கி, 1799இல் கலைந்துபோன ஒரு மாவட்டம். அங்கேதான் கும்பினி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் குடியானவனை நேரில் அழைத்து, இடையில் யாரும் இல்லாமல், அவன் நிலத்தை அவன் பேருக்கே எழுதிக் கொடுத்தார்களாம். ரயத்துவாரி என்ற நியாயமான முறை அங்கே பிறந்ததாம். அந்த ஏழு ஆண்டுகள் பொற்காலமாம். பிறகு வந்த சென்னை அதிகாரிகள்தான் அதைக் கெடுத்தார்களாம்.

மாவட்ட வரலாற்று நூல்கள் பலவற்றில் இந்தக் கதை ஏறியிருக்கிறது. போட்டித் தேர்வுக் குறிப்பேடுகளில் ஒற்றை வரியாக இறங்கியிருக்கிறது. நான் இதை முழுதாக மறுக்கிறேன். பாராமகாலில் நிலம் அளக்கப்பட்டது உண்மை. அளந்தவர்கள் உழைப்பாளிகள், மொழி கற்றவர்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த அளவை குடியானவனுக்கு நிலம் கொடுப்பதற்காக நடந்தது அன்று. அடுத்த போருக்கு அந்த நிலத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள நடந்தது. இதைச் சொல்லப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அந்த மாவட்டம் உண்டான விதத்தையும் முடிந்த விதத்தையும் வரிசையாகப் பார்த்தாலே போதும்.

மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், 1792 மார்ச் 18ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை செய்தார். நாட்டில் பாதி போயிற்று. அதற்கு மேல் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். பணம் வந்து சேரும்வரை பிணையாக அவருடைய பிள்ளைகள் இருவர் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். கும்பினியின் பங்குக்கு மலபாரும் திண்டுக்கல்லும் சேலமும் பாராமகாலும் வந்தன. பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரம். கர்நாடகச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறும் கணவாய்களின் அடிவாரம். ஒவ்வொரு குன்றிலும் ஒரு கோட்டை. அந்த நாட்டைப் படத்தில் பார்க்கும் எவருக்கும் கும்பினி அதை ஏன் கேட்டு வாங்கியது என்பது விளங்கும். மைசூர் மேல் மறுபடி படையெடுக்க வேண்டுமானால் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும்.

அதை ஆள யாரை வைத்தார்கள்? காப்டன் அலெக்சாண்டர் ரீடு மேற்பார்வையாளர், தலைமையிடம் திருப்பத்தூர். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: தர்மபுரி உள்ளிட்ட நடுப்பகுதிக்கு தாமஸ் மன்றோ, சேலம் உள்ளிட்ட தென்பகுதிக்கு மெக்ளவுட், வடக்கே கிரஹாம். நால்வரும் படை அதிகாரிகள். சென்னையில் சிவில் உத்தியோகஸ்தர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காரன்வாலிசுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை. ஊர் மொழி தெரியாதவர்கள், துபாஷிகள் சொன்னதே அவர்களுக்கு வேதம் என்பது அவருடைய குறை. அந்தக் குறையில் நியாயம் இருந்தது. ஆனால் ரீடைத் தேர்ந்தெடுத்ததற்கு மொழியறிவு மட்டும் காரணமன்று. போர்க்காலத்தில் ஒற்றர் வேலையைக் கவனித்தவர் அவர். எந்தக் கணவாயில் மாடு ஏறும், எந்த ஊரில் தானியம் கிடைக்கும், எந்தப் பாளையக்காரன் யார் பக்கம் சாய்வான் என்று கணக்கெடுத்தவர். அதே கண்ணைத்தான் அவர் வயல்களின்மேல் வைத்தார். குடியானவனின் நலம் நோக்கமாக இருந்திருந்தால், எல்லைப்புறத்து ஒற்றர் தலைவரை அதற்குத் தேடிப்போயிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு பதில் வரும்: "யார் அனுப்பினால் என்ன? அதுவரை இந்த நாட்டில் நிலத்தை அளந்து எழுதிவைத்தவர் யார்?" நார்த்தாமலைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும் பாறைகளில் பதில் இருக்கிறது.

நார்த்தாமலைக் குன்றுகளில் ஒன்றான கடம்பர் மலையின் பாறையில் ராஜராஜன் காலத்திலிருந்து எழுத்து இருக்கிறது. மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு எதிரே உள்ள குடைவரைகளில் ஒன்றான பழியிலி ஈச்சரம் 9ஆம் நூற்றாண்டில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குடைவித்தது. முன்மண்டபத்தை எடுப்பித்தவர் அவருடைய மகள். யார் செய்தார், யார் நிலம் கொடுத்தார் என்பதைக் கல்லில் பதியாமல் அந்த மக்கள் எதையும் விட்டதில்லை. சோழர் காலத்தில் இந்த ஊருக்குத் தெலுங்கு குலகாலபுரம் என்று பெயர். இது நகரம், அதாவது வணிகர் சபை ஆண்ட ஊர். அந்த நகரத்தார் நிலம் விற்றதும், கோயிலுக்கு விட்டதும், வரி நீக்கியதும் கல்வெட்டுகளில் இருக்கின்றன. நகரத்தார் சொல்லாமல் நிலம் கைமாறவில்லை. ஊர் இன்ன கூற்றத்தில், இன்ன வளநாட்டில் இருக்கிறது என்பதை எழுதாமல் அவர்கள் ஆவணத்தைத் தொடங்கியதும் இல்லை.

சோழர் அளவையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் ஆட்சியில் நாடு முழுதும் நிலம் அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளந்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒவ்வொரு ஊரின் நிலமும் வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழ் என்று நம் காலத்துக் கணக்கரும் திகைக்கும் நுண்மையில் எழுதப்பட்டிருக்கிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, மீதிக்கே இறை என்று தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்கள். புதுக்கோட்டை வட்டாரக் கோயில்களில் நிலமளந்த கோல்களின் நீளம் பாறையிலும் சுவரிலும் வெட்டப்பட்டிருக்கிறது. கோல் கூடக் குறைய ஆனதென்று சந்தேகம் வந்தால் ஊரார் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். கோலைப் பொதுவிடத்தில் வைத்த இந்த வழக்கத்தைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரிகூட அழுத்திச் சொல்லாதது எனக்கு வருத்தம்.

சோழர் அளவையும் வரிக்காகத்தான். அதில் எனக்கு மயக்கம் இல்லை. அந்தக் கணக்கில் கம்மாளனுக்கும் பறையனுக்கும் தனிச் சேரி இருந்ததே ஒழிய நிலம் இல்லை. வரி கட்டாதவர் நிலத்தைச் சபையே விற்ற செய்திகளும் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. நான் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அளப்பதும் எழுதுவதும் 1792இல் கப்பலில் வந்து இறங்கிய வித்தை என்ற பொய்யை மட்டும் மறுக்கிறேன். பாராமகாலிலேயே திப்புவின் வரி அதிகாரிகளான அமில்தார்கள் ஊர் ஊராகக் கணக்கு வைத்திருந்தார்கள். பாளையக்காரர்களை ஒதுக்கிவிட்டு நேரே குடிகளிடம் வரி வாங்கும் வேலையை ஹைதரும் திப்புவும் முன்பே பெருமளவு முடித்திருந்தார்கள். மன்றோவைப் பற்றி விரிவாக எழுதிய பர்ட்டன் ஸ்டைன் இந்தத் தொடர்ச்சியை அழுத்தமாகச் சொல்கிறார். எதிரி போட்ட பாதையில் கும்பினி நடந்தது. கர்ணத்தின் ஓலைச்சுவடி இல்லாவிட்டால் ரீடின் அளவைக்காரர்கள் முதல் ஊரைக்கூடத் தாண்டியிருக்க முடியாது.

அடுத்து, பெரிய கதைக்கு வருகிறேன். நிலத்தைக் குடியானவனுக்கே கொடுத்தார்கள் என்பது.

ரீடு ஆரம்பத்தில் நினைத்தது நீண்டகாலக் குத்தகையைத்தான். பிறகு வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தீர்வை வைத்து, ஒவ்வொரு குடியானவனோடும் ஆண்டுதோறும் கணக்குத் தீர்க்கும் முறைக்கு வந்தார். 1796 டிசம்பர் 10ஆம் தேதியிட்ட அவருடைய அறிக்கைதான் ரயத்துவாரியின் பிறப்புச் சான்றிதழ் போலக் காட்டப்படுகிறது. அதன் சாரம் இதுதான்: வயலின் தீர்வை நிலையானது, தீர்வை கட்டும்வரை வயல் உன்னுடையது, வேண்டாம் என்றால் ஆண்டு முடிவில் விட்டுவிடலாம், வேறு வயல் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வயலைச் சொத்து என்று எப்போது சொல்லலாம்? வரி கட்டியபின் உழுதவன் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சினால்தான் அதற்கு விலை வரும், அடகு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். மிஞ்சாவிட்டால் அதன் பேர் சொத்து இல்லை, சுமை. இதை நான் என் சொந்த அளவுகோலாக வைத்துச் சொல்லவில்லை. மன்றோ வைத்த அளவுகோல் இது. பாராமகாலில் பழகிய முறையை அவர் 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி வட்டாரத்தில் பெரிய அளவில் நடத்தினார். அந்தப் பொறுப்பைவிட்டுப் போகும் ஆண்டில் அரசுக்கு எழுதினார்: விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் தனிச்சொத்து என்ற ஒன்று உருவாகவே முடியாது. அப்போது அவர் வாங்கிவந்தது ஏறத்தாழ 45 விழுக்காடு. ஆகவே நூற்றுக்கு 25 பங்கு தீர்வையைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார். குறைக்கவில்லை. 1820இல் அவரே சென்னைக்குக் கவர்னராக வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு நடந்தது.

மன்றோவின் அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்பவர்கள் இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். ரயத்துவாரி தொடங்கிய முதல் பதினைந்து ஆண்டுகளில் அவர் கைபட்ட நாட்டில் குடியானவன் எவனுக்கும் அவர் சொன்ன பொருளில் சொத்து கிடைக்கவில்லை. பாராமகாலில் ரீடு வைத்த தீர்வை அதிகம் என்பதையும் மன்றோ அப்போதே எழுதியிருக்கிறார். பிறகு எந்தப் பொற்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

வயலை விட்டுவிடும் உரிமையைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அந்த உரிமையைக் குடியானவன் எப்போது பயன்படுத்துவான்? மழை பொய்த்து, மாடு செத்து, தீர்வை கட்ட வழியில்லாதபோது. அந்த நிலையில் விதைத்தவனுக்குக் கிடைக்கும் "உரிமை", பரம்பரையாக உழுத புஞ்சையை விட்டு வெளியேறுவது. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தியில், கணக்குப் பிள்ளையும் தாசில்தாரும் ஒப்புக்கொண்டால். இன்றும் நம் தாலுகா அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. இன்று அது மனு வாங்கும் நாளாக இருக்கிறது. அன்று அது ஒரு குடும்பம் அடுத்த ஆண்டு அந்த ஊரில் இருக்குமா இல்லையா என்று தீர்மானித்த நாள்.

தீர்வை பணமாகக் கேட்கப்பட்டதையும் மறக்கக் கூடாது. கம்பும் ராகியும் விளையும் நாட்டில் அறுவடை முடிந்து கிஸ்தி வாய்தா நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் விலை விழும். விழுந்த விலைக்கு விற்று, போதாததற்கு வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டும். ஜமீன்தார் என்ற இடைத்தரகனை நீக்கிய இடத்தில் வட்டிக்காரன் வந்து உட்கார்ந்தான். பத்திரத்தில் மட்டும் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவே யாரும் இல்லை.

இந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் 1799 பதில் சொல்கிறது. நான்காம் மைசூர்ப் போர் தொடங்கியதும் ரீடு பாராமகாலிலிருந்தே ஒரு படையோடு புறப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட பெரும்படைக்குத் தானியமும் மாடும் திரட்டிச் சேர்ப்பது அவர் வேலை. ஏழு ஆண்டு எந்த ஊரில் எத்தனை மாடு, எத்தனை கலம் தானியம் என்று எழுதி வைத்த மனிதருக்கு அது கடினமான வேலை இல்லை. மே 4ஆம் தேதி கோட்டை விழுந்தது. திப்பு செத்தார். மன்றோ, மைசூரைப் பங்கு போட்ட ஆணைக்குழுவின் செயலாளர்களில் ஒருவரானார். பாராமகால் எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்த வேலை முடிந்தது. எல்லை மேலே போய்விட்டது. அடிவாரத்தில் படை அதிகாரிகளுக்கு இனி வேலை இல்லை. ரீடும் மன்றோவும் போனார்கள். நல்ல முறையைச் சென்னைக்காரர்கள் பொறாமையால் கொன்றார்கள் என்பது நாம் பிற்பாடு சேர்த்துக்கொண்ட துக்கம்.

ஆனாலும் எதிர்த்தரப்பின் கடைசி வாதத்தை நான் ஒதுக்க விரும்பவில்லை. அது வலுவானது. "ரீடு போனபின் என்ன நடந்தது பாருங்கள், 1802க்குப் பிறகு வங்காளத்து ஜமீன் முறையை இங்கே கொண்டுவந்து, நாட்டை மிட்டா என்ற சிறு ஜமீன்களாக அறுத்து ஏலம் விட்டார்கள். மிட்டாதாரர்கள் திவாலானார்கள், குடிகள் சீரழிந்தார்கள். ரீடின் முறை இருந்திருந்தால் இது வந்திருக்குமா?" என்று கேட்கிறார்கள்.

மிட்டா முறை கொடுமை என்பதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சென்னையிலும் சேலத்திலும் இருந்த பணக்காரர்கள், கும்பினி உத்தியோகஸ்தர்களை ஒட்டிப் பிழைத்தவர்கள், ஊரையே பார்க்காமல் மிட்டா எடுத்தார்கள். பல மிட்டாக்கள் சில ஆண்டுகளிலேயே பாக்கி விழுந்து சர்க்காருக்குத் திரும்பின. ஆனால் அவை ஏன் திவாலாயின? ஒவ்வொரு மிட்டாவுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? ரீடின் அளவையை, ரீடின் தீர்வையை. அந்த எண்களை நம்பி ஏலம் எடுத்தவன் அந்த எண்களை வயலிலிருந்து வசூலிக்க முடியாமல் விழுந்தான். மிட்டாதாரனின் திவால் ரீடின் கணக்குக்கு வெளியார் ஒருவர் நடத்திய சோதனை. அந்தச் சோதனையில் கணக்கு தோற்றது. நல்ல முறையும் கெட்ட முறையும் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுபவர்கள் இரண்டுக்கும் அடியில் இருந்த ஒரே தொகையைப் பார்ப்பதில்லை. பெயர் பாராமகாலோ மிட்டாவோ, குடியானவன் கொடுக்க வேண்டியது மாறவில்லை. மிஞ்சிய மிட்டாதாரர்கள் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை சேலத்தில் இருந்தார்கள். ஏழாண்டு மாவட்டத்தின் கணக்கு ஒன்றரை நூற்றாண்டு உயிரோடு இருந்தது.

மன்றோ என்ற மனிதரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்த வாதம் எங்கே போனாலும் கடைசியில் அவர் நல்ல குணத்தில் வந்து நிற்கிறது. அவர் குடியானவர்களோடு அவர்கள் மொழியில் பேசினார். கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சுற்றினார். ராயலசீமையில் அவரை மாண்டவ ரிஷியின் அவதாரம் என்று சொல்லும் கதைகள் உண்டு. 1827இல் பட்டிகொண்டாவில் காலராவில் இறந்தார். சென்னைத் தீவுத்திடல் அருகே சான்ட்ரி வடித்த அவருடைய குதிரைச் சிலை நிற்கிறது. இந்தியரை உத்தியோகங்களில் ஒதுக்குவது தவறு என்று தம் அரசுக்கே துணிந்து எழுதியவர். அவரை நான் வெறுக்கவில்லை. ஆனால் நல்ல மனிதர் ஒருவர் கையால் வசூலிக்கப்பட்ட வரி, அதனாலேயே நல்ல வரி ஆகிவிடாது. அவர் போனபின் அதே கணக்கை வைத்து வசூலித்தவர்கள் எல்லோரும் மன்றோ அல்லர்.

அதற்கும் சாட்சி இருக்கிறது. 1853இல் டேன்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்தைச் சுற்றிப் பார்த்தார். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையிலான சென்னைச் சுதேசிகள் சங்கம் அவருக்கு ஊர்களைக் காட்டியது. வரி வசூலில் சித்திரவதை நடக்கிறது என்று அவர் லண்டனில் பேச, விசாரணைக் குழு அமைந்து 1855இல் அறிக்கை வந்தது. விரல்களை மரக்கிட்டிக்குள் வைத்து நெரித்தது, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் குனிந்து நிற்க வைத்தது, முதுகில் கல் ஏற்றியது எல்லாம் அதில் இருக்கின்றன. ஜமீனில் நடந்தவற்றை மட்டும் அது பேசவில்லை. சர்க்கார் நேரடியாகக் குடியானவனோடு கணக்குத் தீர்த்த, ரயத்துவாரி நடந்த மாகாணத்தின் வரி வசூலைப் பற்றிய அறிக்கை அது. ரயத்துவாரியை நியாயமான முறை என்று மாணவர்களுக்குச் சொல்லித் தரும் ஆசிரியர்கள் அந்த அறிக்கையின் பெயரையாவது சொல்லித் தர வேண்டும்.

இருபது ஆண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சம். பஞ்சத்துக்கு மழை பொய்த்ததுதான் முதற்காரணம். ஆனால் ஒரு பருவம் பொய்த்தால் தாங்குவதற்குக் களஞ்சியத்தில் ஏதும் இல்லாமல் போனதற்கு மழையைக் குற்றம் சொல்ல முடியாது. எண்பது ஆண்டுகளாக அந்த வயல்களின் மிச்சம் ஆண்டுதோறும் பணமாகி வெளியே போயிருந்தது.

இத்தனையிலும் ஒரு கூட்டத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. பாராமகால் கணக்கில் ரயத்து என்று எழுதப்பட்டவன் மாடும் ஏரும் வைத்திருந்தவன். அவனுக்கு உழுது கொடுத்த படியாளுக்கும் பண்ணையாளுக்கும் கணக்கில் வயல் இல்லை. அதனால் பேரும் இல்லை. உழுதவன் பேருக்கே நிலத்தை எழுதினார்கள் என்ற வாக்கியம் சேரியில் இருந்தவர்களைப் பொறுத்தவரை முழுப் பொய். ராஜராஜன் கல்வெட்டில் சேரிக்கு இடமாவது குறிக்கப்பட்டிருந்தது.

"அப்படியானால் கும்பினி ஆளாத புதுக்கோட்டை மட்டும் சொர்க்கமாக இருந்ததா?" என்று கேட்பார்கள். இல்லை. தொண்டைமான் சமஸ்தானத்தில், நார்த்தாமலை இருக்கும் குளத்தூர்ப் பகுதி உட்பட, அமானி முறை இருந்தது. விளைச்சலைக் களத்தில் பங்கு போட்டுச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். காவல்காரன் முதல் கணக்கன்வரை ஒவ்வொருவனும் கை வைப்பான். அதிகாரி வந்து பார்க்கும்வரை கதிர் களத்திலேயே கிடந்து மழையில் நனையும். தொண்டைமான்களின் அரசியலிலும் பெருமைப்பட அதிகம் இல்லை. மருது சகோதரர்கள் 1801இல் கும்பினிக்கு எதிராகத் திருச்சியில் அறிக்கை ஒட்டியபோது இவர்கள் கும்பினி பக்கம் நின்றார்கள். அதற்குப் பரிசாகக் கீழாநிலை கிடைத்தது. ஆனால் அந்த அமானி எப்படிப் போயிற்று? 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி அதை ஒழித்துப் பணத் தீர்வையாக மாற்றினார். அவர் சென்னை மாகாண உத்தியோகத்தில் பழகியவர்தான், முறையை அங்கிருந்துதான் கற்றார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கலெக்டர் ஆட்சி இல்லாத ஒரு சிறு நாடு தன் நிலத்தைத் தானே அளந்து, தன் குடிகளுக்குத் தானே பட்டா எழுதியது. நார்த்தாமலைக்காரன் கையில் இருக்கும் பட்டாவுக்கு மூலம் பாராமகாலில் இல்லை. வெள்ளைக்காரன் கல் நட்டான் என்று இந்த ஊரில் யாராவது சொன்னால், அவர் தம் ஊர்க் கணக்கையே பார்க்காமல் சொல்கிறார்.

ஒன்றே ஒன்று மட்டும் பாராமகாலின் வழியிலிருந்து நார்த்தாமலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வயலாக எழுதப்படாததெல்லாம் சர்க்காருடையது என்ற கொள்கை அது. ரயத்துவாரியில் தீர்வை கட்டுபவன் பேரில் இல்லாத மண், தரிசு, மேய்ச்சல், குன்று, பாறை எல்லாம் கணக்கில் புறம்போக்கு ஆயின. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: வேறொருவர் சொத்து என்று நிரூபிக்காத நிலமெல்லாம் அரசின் சொத்து. சுதந்திரம் வந்தது, சமஸ்தானம் 1948இல் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது, 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இந்தக் கொள்கை மட்டும் மாறவில்லை. நார்த்தாமலையைச் சுற்றிப் பல ஆண்டுகளாகக் கல் குவாரி வெடிச்சத்தம் கேட்கிறது. புறம்போக்குப் பாறையை உடைக்கும் குத்தகையை 1959ஆம் ஆண்டின் சிறு கனிம விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் கொடுக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் நிலம் விற்கவும் கோயிலுக்கு விடவும் நகரத்தார் கூடி முடிவெடுத்தார்கள். இன்று குன்றை உடைக்க ஊர்க்கூட்டத்தின் முடிவு கட்டாயம் இல்லை.

குவாரிக்கு எதிராக மனு கொடுக்கும் நார்த்தாமலை இளைஞர்களிடம் அலுவலகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, "இந்தப் பாறை உங்கள் பட்டாவிலா இருக்கிறது?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் இருப்பது தர்மபுரியிலும் திருப்பத்தூரிலும் ஏழு ஆண்டு எழுதப்பட்ட கணக்கு. சென்னை அரசு 1907 முதல் அச்சிட்டு வெளியிட்ட பாராமகால் ஆவணங்கள் பெரிய நூலகங்களில் கிடைக்கின்றன. புதுக்கோட்டை மாவட்ட வரலாற்றை அடுத்து எழுதப்போகிறவர்கள் மன்றோவைப் புகழும் பத்தியை எழுதுவதற்கு முன் அவற்றில் நிலவரி பற்றிய பகுதியைத் தீர்வைத் தொகைகளோடு வாசிக்கட்டும். வாசித்தபின், கடம்பர் மலைக்கு ஏறி நகரத்தார் வெட்டிவைத்த எழுத்தைப் படியெடுத்து, இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக அச்சிடட்டும்.